கரையேற்றும் முன்பே ஒழுக்கைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்குக் கடற்கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது இந்த நாட்களில்தான். அதே படகு, அதே ஒழுக்கு, அதே ரெசின் (ஃபைபரை ஒட்டவைக்கும் பிசின்) பூச்சு என்று வருடாவருடம் நடக்கிறது. ஆகஸ்டில் கடலில் இறங்கியதும் தண்ணீர் மறுபடி ஏறுகிறது. தண்ணீர் தேங்கும் இடத்தையே அது நுழையும் இடமாக நினைத்துப் பூசுவதுதான் கோளாறு. கரையேறிய படகு காய்ந்துவிட்டால் தடம் எதுவும் மிஞ்சாது. அதனால் படகு மிதக்கும்போதே, மே மாதக் கடைசியில் இரண்டு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலில் அது என்ன தண்ணீர் என்று தெரிய வேண்டும். டீசலும் மீன் கழிவும் கலந்ததை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். ஐஸ் அறையைக் காலி செய்து கழுவி, அடியில் கிடப்பதை முழுக்க இறைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். அதன்பின் ஊறி வருவதில் ஒரு ஸ்பூன் எடுத்து எவர்சில்வர் தட்டில் வெயிலில் காயவையுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வெள்ளையாகப் படிந்தால் வருவது கடல்நீர். படியாவிட்டால் மேல்தட்டு வழியாக இறங்கும் மழைநீர், அல்லது ஐஸ் அறைச் சுவரின் ஃபோமில் ஊறிக்கிடக்கும் தண்ணீர். ஓட்டையை அடைத்த பிறகும் ஃபோம் வாரக்கணக்கில் கசியும். வேலை சரியில்லை என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது அளவு. எஞ்சினை நிறுத்திக் கட்டிப்போட்டு, 12 மணி நேரத்தில் எத்தனை வாளி சேருகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு கட்டிய நிலையிலேயே கியர் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது மட்டும் வந்தால் ஸ்டெர்ன் டியூப் கிளாண்டையும் (விசிறியைச் சுற்றும் ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் உள்ள நீரடைப்பு) எஞ்சினின் குளிர்நீர் பம்பையும் அதன் ஹோஸ்களையும் பாருங்கள். கடலில் சுமையோடு போகும்போது மட்டும் வந்தால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் போல்ட்டுகள், சுக்கான் தண்டின் கிளாண்ட், மேல்தட்டு இணைப்பு. சிறிய ஓட்டைதானே என்று விடக்கூடாது. நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே 2 மி.மீ. ஓட்டை இருந்தால், ஒரு நாளில் சுமார் 400 லிட்டர் உள்ளே வரும்.

இடத்தைக் காட்டிக்கொடுப்பது களிமண்ணும் முகப்பவுடரும். படகின் உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு அடியில் தண்ணீர் ஓட விட்டிருக்கும் துளைகளைக் களிமண்ணால் அடைத்தால் ஒவ்வொரு பகுதியும் தனித்தனித் தொட்டியாகிவிடும். எது முதலில் நனைகிறதோ அதன் சுவரைக் காயவைத்துப் பவுடர் தூவி, டார்ச் அடித்துக் காத்திருங்கள். வெள்ளைப் பரப்பில் தையல் நூல் கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இறங்கும். அதைப் பிடித்து மேலே போனால் ஏதாவது ஒரு போல்ட்டின் தலையில் போய் நிற்கும். சில சமயம் அந்தப் போல்ட் தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து நாலடி தள்ளி இருக்கும்.

கிளாண்டில் தவறாமல் நடக்கும் ஒரு தப்பு உண்டு. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது குறையல்ல, பேக்கிங்கை, அதாவது கிளாண்டுக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு வளையங்களை, குளிரவைப்பதே அந்தச் சொட்டுதான். அதையும் நிறுத்த நட்டை இறுக்கினால் பேக்கிங் கருகி ஷாஃப்ட்டில் பள்ளம் விழும், ஒழுக்கு இரட்டிப்பாகும். பழைய வளையங்களை ஒன்று விடாமல் கொக்கியால் எடுத்துவிட்டு, புதியவற்றின் வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 120 பாகை தள்ளித் தள்ளிப் போடுங்கள். அரைமணி ஓட்டியபின் கிளாண்டில் கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டைத் தளர்த்துங்கள்.

இன்னொன்று, இறைக்கும் பம்பின் ஹோஸ். அதன் வெளிவாய் சுமையேறும்போது நீருக்குள் போய்விட்டால், பம்பை நிறுத்தியதும் கடல் அதே வழியாக உள்ளே வரும். ஹோஸை நீர்மட்டத்துக்கு நன்கு மேலே வளைத்துத் தூக்கிக் கட்டி, வளைவின் உச்சியில் காற்று வால்வு ஒன்று வையுங்கள்.

மரப்படகின்மேல் ஃபைபர் போர்த்தியிருந்தால் வேலை கடினம். அணியத்தில் (முன்பக்கம்) விழுந்த விரிசலில் நுழையும் நீர், மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவில் ஓடி அமரத்தில் (பின்பக்கம்) வெளிவரும். கரையேறிய பின் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். அதைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கெட்டியான ஓரம் வரும்வரை உரித்துவிடுங்கள். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது. காய ஒரு மாதம் ஆனாலும் பொறுக்க வேண்டும், தடைக்காலம் அதற்குப் போதும். ஒட்டும் ஓரத்தை ஃபைபரின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 5 மி.மீ. கனத்துக்கு 60 மி.மீ. ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ரெசினில் ஒன்றை நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது.

கடைசியாகப் படகு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை 31 இரவில் இறக்கி அன்றைக்கே ஐஸும் டீசலும் ஏற்றாதீர்கள். 28-ம் தேதியே இறக்கிக் கட்டிப்போட்டு, மே மாதம் எண்ணிய அதே 12 மணி நேர வாளிக் கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
படகு பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.