நிருபரா, செய்தியாளரா?

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. கயல்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் மூட்டு வலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? என்னுடையது அப்படியேதான் இருக்கிறது.

சரி, அழைப்பிதழ் விஷயத்துக்கு வருகிறேன். கயல் பெயருக்குக் கீழே அவள் வேலையை 'நிருபர்' என்று போடுவதா, 'செய்தியாளர்' என்று போடுவதா என்று கேட்டிருந்தாய். 'நிருபர்' வடசொல், வேண்டாம் என்கிறாராமே உன் சம்பந்தி. வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்து வைத்த பெயர். நிருபம் என்றால் கடிதம். 'பவுல் ரோமருக்கு எழுதின நிருபம்' என்று பைபிளில் படித்திருப்பாய். கத்தோலிக்கர்கள் இப்போது படிக்கும் மொழிபெயர்ப்பில் அது 'திருமுகம்' ஆகிவிட்டது. ஊர் நடப்பைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறவர் நிருபர். இன்னொரு கூத்து, பழைய செய்யுளில் 'நிருபர்' என்று வந்தால் அரசர்கள் என்று பொருள். அது 'ந்ருப' என்ற வேறு வடசொல்லிலிருந்து வந்தது. நம் தாலுகா நிருபர்களிடம் இதைச் சொன்னால், முதலில் பெட்ரோல் காசு வரட்டும் என்பார்கள்!

இந்தச் சொல்லுக்கு அச்சில்தான் வீடு. செய்திக்கு மேலே 'நமது நிருபர்' என்று போட்டால் எழுதியவர் பெயரே தேவையில்லை. 'நிருபர்களிடம் அமைச்சர் கூறியதாவது' என்று இன்றும் அச்சாகிறது. ஆனால் அதே கூட்டத்துக்குப் பெயர் 'செய்தியாளர் சந்திப்பு'. 'நிருபர் சந்திப்பு' என்று யாரும் சொல்வதில்லை. தொலைக்காட்சி வந்த பிறகு செய்தியாளர்தான் எங்கும். களத்திலிருந்து மைக்கோடு பேசுகிறவரை நிருபர் என்றால் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருக்கிறது. 'பத்திரிகையாளர்' இன்னும் அகலம். வெளியே போகாமல் மேஜையில் உட்கார்ந்து செய்தியைத் திருத்துகிறவரும் அதில் அடக்கம். இலங்கைத் தமிழர்கள் 'ஊடகவியலாளர்' என்று அழகாகச் சொல்கிறார்கள். இங்கேயும் அது பரவி வருகிறது. பேச்சில் என்னவோ எல்லோருமே ரிப்போர்ட்டர்தான்.

கயல் வேலை பார்ப்பது தொலைக்காட்சியில். அதனால் 'செய்தியாளர்' என்றே போடு, சம்பந்தியும் சமாதானமாவார். எதற்கும் அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பெயர் அவளுடையது, வேலையும் அவளுடையது. 'பெண் செய்தியாளர்' என்று மட்டும் போட்டுவிடாதே. 'அர்' விகுதி இரு பாலுக்கும் பொது, மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'ஆண் பொறியாளர்' என்றா போடப்போகிறாய்?

அப்புறம், முகூர்த்தத் தேதியை எழுதாமல் விட்டுவிட்டாய். உடனே எழுது, ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைப்பது பெரும்பாடு.

அன்புடன்,
சுந்தரம்