முனை ஒன்றானது, கேபிள் ஒன்றாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசிகள் டைப்-சி முனைக்கு மாறிவிட்டதால் சார்ஜர் குழப்பம் தீர்ந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பாதிதான் தீர்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

இந்த மாற்றம் தானாக வந்ததன்று. ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் 2009ஆம் ஆண்டிலேயே பெரிய கைப்பேசி நிறுவனங்கள் மைக்ரோ யூ.எஸ்.பி.யைப் பொது முனையாக ஏற்றுக் கையொப்பமிட்டன. ஆனால் அது விருப்ப உடன்பாடாக இருந்ததாலும், அடாப்டர் கொடுத்தால் போதும் என்று அதில் இடம் இருந்ததாலும், ஆப்பிள் நிறுவனம் 2012இல் தனக்கே உரிய லைட்னிங் முனையைக் கொண்டுவந்து பத்தாண்டுக்கு மேல் அதை விடாமல் வைத்திருந்தது. (லைட்னிங் மோசமான முனை அன்று, மைக்ரோ யூ.எஸ்.பி.யை நாம் திருப்பித் திருப்பிச் செருகித் தடுமாறிய காலத்தில், எப்படிச் செருகினாலும் அது பொருந்தியது.) 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரவாகவும் 13 பேர் எதிராகவும் வாக்களித்துப் பொது முனைச் சட்டம் நிறைவேறிய பிறகுதான், அடுத்த ஆண்டு ஐபோன் 15 டைப்-சி முனையுடன் வெளிவந்தது.

இப்போது சிக்கல் கைப்பேசியிலிருந்து கேபிளுக்கு இடம் மாறியிருக்கிறது. என் மேசை இழுப்பறையில் மூன்று கறுப்பு டைப்-சி கேபிள்கள் கிடக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது. ஒன்றில் மடிக்கணினிக்கு விறுவிறுவென்று சார்ஜ் ஏறுகிறது. இன்னொன்றைச் செருகினால் சார்ஜ் மெதுவாக ஏறுவதாகத் திரையில் எச்சரிக்கை வருகிறது. மூன்றாவது, சிறிய மேசை விளக்கு ஒன்றுடன் வந்தது. கைப்பேசியிலிருந்த படங்களைக் கணினிக்கு மாற்ற அரை மணி நேரம் போராடிய பிறகே, அது சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் கேபிள் என்று புரிந்தது.

காரணம் எளியது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரை கடத்தத்தான் உருவானது. 5 ஆம்பியர் செல்ல வேண்டுமானால், தன் திறன் இவ்வளவு என்று சார்ஜருக்குத் தெரிவிக்கும் சிப் ஒன்று கேபிளின் தலைக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரும் 60 வாட்டோடு நின்றுவிடும். தகவல் வேகத்திலும் இதே கதைதான்: நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும் கேபிளும் 40 கிகாபிட் கடத்தும் கேபிளும் வெளித்தோற்றத்தில் இரட்டையர்.

சாதனத்துக்கு எத்தனை வாட் தேவை என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட ஐரோப்பியச் சட்டம் வகை செய்திருப்பது நல்லதே. ஆனால் பெட்டி ஓரிரு நாளில் குப்பைக்குப் போய்விடும். கேபிள்தான் ஆண்டுக்கணக்கில் நம்மோடு இருக்கும். ஆகவே கேபிள் தாங்கும் வாட் அளவும் தகவல் வேகமும், கண்ணாடி போடாமலே படிக்கக்கூடிய எழுத்தில், அதன் இரு தலைகளிலும் பொறிக்கப்படுவதை எல்லா நாடுகளும் கட்டாயமாக்க வேண்டும். தகவல் கடத்தாத கேபிளில் அதையும் வெளிப்படையாக எழுதச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்