பேர் சொல்லா நோயும் பேர் வேண்டாம் என்றவர்களும்

தாராவி 90 அடி சாலைச் சொந்தங்களுக்கும், எங்களுக்காக அதைத் தாண்டி ஓடியவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கு ஒரு வயது முடிந்து சில நாட்கள்தான் ஆகின்றன. பிறந்த நாளன்று கேக் வெட்டவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. 'இந்தக் காகிதம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று பலர் கேட்டீர்கள், நான் மழுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

வசம்புக்குத் திருநெல்வேலிப் பக்கம் பேர் சொல்லா மருந்து என்று ஒரு பேர் உண்டு. இரவில் கடையில் போய் அதன் பேரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். எனக்கு இருப்பது பேர் சொல்லா நோய். எங்கள் வீட்டில் 'அது' என்றுதான் சொல்வோம். 'அதுக்கு மாத்திரை போட்டியா?', 'அது பிள்ளைக்கு வந்துடுமா?' இப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அதன் பேர் ஹெபடைடிஸ் பி. கல்லீரலைப் பிடிக்கும் வைரஸ். எனக்கு இருக்கிறது. என் மகளுக்கு இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நின்ற மனிதர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரான ஆரோக்கிய சேவிகா மவுசிக்கு (மவுசி என்றால் மராத்தியில் சித்தி). மகள் வயிற்றில் இருந்த மூன்றாம் மாதம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ரத்தம் கொடுத்தேன். முடிவில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ்' என்று இருந்தது. அங்கே என் ஃபைலின் மேல் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, வராந்தாவில் பத்துப் பேர் முன்னால், "உன் பிரசவத்தை இங்கே பார்க்க முடியாது" என்றார்கள். அந்த இடத்தின் பேர் இங்கே வேண்டாம். வீட்டுக்கு வந்தால் மாமியார், "ஆஸ்திரேலியாவுக்கு யாருடி போனா? நீ பக்கத்துல இருக்கிற சயானைத் தாண்டினதில்லையே" என்றார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. (பின்னால்தான் தெரிந்தது: 1960களில் புளூம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த வைரஸின் புரதத்தை முதலில் ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தில் கண்டார், அதனால் வந்த பேர் அது. அதற்காக அவருக்கு 1976ல் நோபல் பரிசும் கிடைத்தது.)

அதற்கப்புறம் நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. இரண்டு மாதம். மவுசிதான் கணக்குப் பார்த்து, என் கர்ப்பகால அட்டையில் இரண்டு மாதமாக ஒன்றும் எழுதவில்லை என்று கண்டுபிடித்து வந்தார். எங்கள் கோலி (ஒற்றை அறை வீடு) மாடியில். ஏறுவதற்கு ஒரு இரும்பு ஏணி, அவ்வளவுதான். மவுசிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு, மேலே வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். நான் டம்ளரை நீட்டத் தயங்கினேன். என் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டு, "தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, காபரு நகோ" என்றார், பயப்படாதே என்று. அவருக்குத் தமிழ் பாதி, எனக்கு மராத்தி பாதி. எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் அவரே என்னை மாநகராட்சி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ரத்தம் எடுத்த தம்பிக்கு அடுத்த நன்றி. தம்பி, உனக்கு என்னை நினைவிருக்காது. உன் முன்னால் அன்று அறுபது பேராவது இருந்திருப்போம். என் சீட்டைப் படித்தாய், பின் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் செய்தது போலவே புதிதாக ஒரு ஜோடி கையுறை போட்டாய். இரண்டு ஜோடி அல்ல, ஒன்று. முகத்தைத் தூரத்தில் வைத்துக்கொண்டு எடுக்கவில்லை. நான் கேட்டே விட்டேன், பயமில்லையா என்று. "எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கணும் அக்கா, யாருக்கு என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றாய். எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகளும் அன்றே முடிந்தன. எனக்கு அவை இல்லை. டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள்.

டாக்டரம்மா நேரம் எடுத்துப் பேசினார். பெரியவர்களுக்கு இந்த வைரஸ் புதிதாகத் தொற்றினால் 100ல் 95 பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போனால் 10ல் 9 குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்தபின் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். இதைக் கேட்டதும் எனக்கு என் மாமாவின் வயிறு நினைவுக்கு வந்தது. ஊரில் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார். "உனக்கே உன் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. ஊரில் அம்மாவுக்குப் பரிசோதனை செய்தோம். அம்மாவுக்கும் இருந்தது. எங்கே போய் வாங்கி வந்தாள் என்று என் காதுபடப் பேசியவர்களுக்கு அதுதான் பதில். நான் இதை வாங்கப் போகவே இல்லை, பிறக்கும்போதே கொண்டு வந்திருக்கிறேன். கணவருக்குத் தொற்று இல்லை. அவருக்கு மூன்று ஊசி போட்டார்கள்: உடனே ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

என் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்ததில் 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த அளவுக்கு மேல் இருந்தால் பிறந்ததும் குழந்தைக்குப் போடும் ஊசி மட்டும் போதாமல் போகலாமாம். அதனால் 28வது வாரத்திலிருந்து வைரஸை அடக்க தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை, அரசாங்கத் திட்டத்தில் இலவசமாக. ஒரு நாள்கூடத் தவறவில்லை. தவறவிடாமல் இருந்தது நான் அல்ல, என் கணவர். தோல் பட்டறையிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் மாத்திரைப் பட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பார்.

அப்புறம் அந்த ஜூலை நாள்.

மாலை 4.10க்கு மகள் பிறந்தாள். வெளியே காலையிலிருந்து மழை. பிரசவ அறையிலேயே குழந்தையின் ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுவிட்டார்கள். எந்தக் குழந்தைக்கும் அதை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். என்னைப் போன்ற தாயின் குழந்தைக்கு இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற, எதிர்ப்புச் சக்தியை நேரடியாகவே கொடுக்கும் ஊசியும் தேவை, அதை 12 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. அது அன்று அங்கே இருப்பு இல்லை. பரேலில் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இருக்கும் மருந்துக்கடைகளில் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். விலையைக் கேட்டதும் கணவர் முகம் போன போக்கை வார்டுக்குள் இருந்தபடியே பார்த்தேன்.

கீழ்வீட்டு அக்கா, உங்கள் சீட்டுப் பணம் அது. மகனின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்தது என்று எனக்குத் தெரியும். ரவிக்கைக்குள் வைத்திருந்த பர்ஸைத் திறந்து, எண்ணாமல் கொடுத்தீர்கள். மூன்று மாதமாகத்தான் திருப்பிக் கொடுத்து வருகிறோம், இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூத்தவனை அந்த மூன்று நாளும் நீங்கள் வைத்திருந்த கணக்கு இதில் சேராது.

இட்லிக்கார அண்ணே, பேர் போடாதே என்று நீங்கள் சொன்னதால் போடவில்லை. ஆனால் 90 அடி சாலையில் உங்களைத் தெரியாதவர் யார்? விடிகாலையில் மாவு ஊற்றி, சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தோடு மாதுங்கா வரை போய்ப் பிழைக்கிற மனிதர். கணவரை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பினீர்கள். மும்பைக்காரர்களுக்குத் தெரியும், மழை வலுத்தால் கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் முதலில் மூழ்கும், அப்புறம் ஹிந்த்மாதா. நீங்கள் இரண்டையும் கடக்க வேண்டும், போகவும் வரவும். ரயில் நின்றுவிட்டது, டாக்சிக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நடந்தே போனீர்கள்.

அந்த மருந்துக்கடைக்காரருக்கும் நன்றி. ஷட்டரைப் பாதி இறக்கியவர் திரும்ப ஏற்றினாராம். மருந்துப் புட்டி கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதை ஒரு தெர்மாகோல் டப்பாவுக்குள், ஐஸ் பாக்கெட்டில் நேராகப் படாதபடி நடுவில் அட்டை வைத்து, பேப்பர் சுற்றி அடுக்கிக் கொடுத்தார். 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் வீண். "குளிரணும், உறையக் கூடாது" என்று மூன்று தடவை அண்ணன் வாயால் சொல்லவைத்து அனுப்பினாராம். திரும்பும்போது காந்தி மார்க்கெட்டில் இடுப்புக்கு மேல் தண்ணீர். அண்ணன் டப்பாவைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். செருப்பு போயிற்று. ஃபோன் நனைந்து செத்துப் போயிற்று. அதனால்தான் எங்களுக்குத் தகவல் இல்லை.

நான் வார்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பிரசவ வலியைவிட அந்த முள் நகர்ந்த விதம்தான் இன்னும் மறக்கவில்லை. 11.35க்கு அண்ணன் வாசலில் நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது, டப்பா மட்டும் காய்ந்திருந்தது.

நாகர்கோவில் சிஸ்டர், அன்று இரவு உங்களுக்கு எத்தனை படுக்கை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமியார் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தபோது நீங்கள் கோபப்படவில்லை. "முதல் விருந்து அம்மாகிட்டயே ஆயாச்சு பாட்டி, சீம்பால் குடிச்சிட்டா" என்றீர்கள். நோயுள்ளவள் பால் கொடுக்கலாமா என்று மாமியார் கேட்டதற்கு, "ஊசி போட்டாச்சுன்னா தாராளமாக் கொடுக்கலாம்" என்றீர்கள். எதற்கு இரண்டு ஊசி என்று கேட்டபோது நீங்கள் சொன்னதுதான் எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது: "தடுப்பூசி மாவு மாதிரி பாட்டி, பொங்கி வர நாளாகும். இது அவிச்ச இட்லி, உடனே பசியாறலாம்." மருந்தைக் கொண்டு வருபவர் இட்லிக்காரர் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது.

மாமியாருக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை, அவரும் மறக்க வேண்டாம். ஆனால் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான். தொப்புளில் சாம்பலும் எண்ணெயும் வைக்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னதை, வந்த கிழவிகள் எல்லோரிடமும் தானே கண்டுபிடித்தது போலச் சொன்னார். வசம்பை மட்டும் விடவில்லை. உள்ளே கொடுக்கவில்லை, வளையலாகக் கையில் கட்டினார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சின்ன வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பால் அதிகம். 1989ல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய, ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி நம் சயான் மருத்துவமனையில்தான் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே என்று மவுசியிடம் கேட்டேன். இந்தத் தொற்று இருப்பவர்களிடம் தானம் வாங்க மாட்டார்கள் என்றார். நியாயம்தான். ஆனாலும் அன்று அழுதேன். அதற்குப் பதிலாக எங்கள் சந்தில் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்த இரண்டு பெண்களை மவுசியோடு சேர்ந்து ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். வைரஸ் நெகட்டிவ். எதிர்ப்புச் சக்தி 10க்கு மேல் இருந்தால் போதும் என்றார்கள், மகளுக்கு 400ஐத் தாண்டியிருக்கிறது. எனக்கு மாத்திரையும் பரிசோதனையும் தொடர்கின்றன, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் பாயசம், எல்லோரும் வாருங்கள். மவுசி ஏணி ஏற வேண்டாம், கீழ்வீட்டு அக்கா திண்ணையில் வைத்துக்கொள்வோம்.

தெர்மாகோல் டப்பா எங்கள் பரணில் பத்திரமாக இருக்கிறது. மகள் அதைக் கடித்த ஒரு மூலையைத் தவிர மற்றபடி நன்றாகவே இருக்கிறது. பரேல் கடைக்காரருக்கு அது திரும்ப வேண்டுமா என்று அண்ணன் கேட்டுச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
இரும்பு ஏணி வீட்டுக்காரி
தாராவி, மும்பை