பீலும் லைட்டும் ஒரே நாள்ல போட்டு மூஞ்சி கருத்துப் போச்சு, மீதிப் பணமும் ரெக்கார்டும் வேணும்

வணக்கம் சார் / மேடம்,

நான் கிருஷ்ணகிரி. உங்க ஸ்கின் கிளினிக்கோட ஓசூர் பிராஞ்ச்ல ரோசேசியாவுக்கு (மூஞ்சி செவந்து எரியற தோல் வியாதி) பீல் (ஆசிட் பூசி மேல்தோல உரிக்கறது) பிளஸ் லைட் பேக்கேஜ் எடுத்தேன், ஆறு சிட்டிங்குக்கு 24,000 ரூபா முன்னாடியே கட்டியாச்சு, பில்லு இருக்கு.

நான் மாம்பழக்கூழ் ஃபேக்டரில வேலை பாக்கறேன். சீசன்ல கூழ் காய்ச்சற ஆவி பக்கம் நின்னாலே ரெண்டு கன்னமும் மிளகா அரைச்சுப் பூசின மாதிரி எரியும். பருன்னு நெனச்சு மெடிக்கல்ல குடுத்த கிரீமெல்லாம் பூசினேன், அதுல ஸ்டீராய்டு இருந்திருக்கு, அதுவே சிவப்ப கூட்டி விடுமாம். அது என் தப்பு, உங்க மேல போடல.

ஆனா மொத சிட்டிங்ல நீங்க பண்ணது என்ன? கிளைகாலிக் ஆசிட் பீல் போட்டு கழுவி அரை மணி நேரம் கூட ஆகல, அந்த எரிச்சல் அடங்கறதுக்குள்ள ஐபிஎல்ங்கற அந்த லைட் மெஷின வெச்சுட்டாங்க (வீட்டுக்காரரு ஐபிஎல்னதும் மேட்ச் டிக்கெட்டான்னு கேட்டாரு). ரப்பர் பேண்ட் சுண்டற மாதிரி இருக்கும்னு சொன்னாங்க, எனக்கு தோசைக்கல்லுல கன்னத்த வெச்ச மாதிரி இருந்துச்சு. கத்தினா, "பொறுத்துக்கங்கக்கா, ஒரே நாள்ல முடிஞ்சா உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்"னு அந்தப் பொண்ணு சொல்லுது.

ஒரு வாரத்துல மெஷின் முனை பட்ட எடமெல்லாம் கட்டம் கட்டமா கருத்துப் போச்சு. "அம்மா, செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு"ங்கறான் என் பையன்.

இங்க வேற தோல் டாக்டர்கிட்ட காட்டினேன். அந்த லைட்டு ரத்தக்குழாய்ல இருக்கற சிவப்பத்தான் பிடிக்கணும், ஆனா தோலுக்கு நிறம் குடுக்கற மெலனினும் அத இழுத்துக்கும், நம்ம மாதிரி மாநிறத்துக்கு பவர கம்மியா வெச்சு மொதல்ல ஒரு ஓரமா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும், பீல் போட்டா தோல் ஆற சில வாரம் விட்டுட்டுதான் லைட்டுன்னாங்க. எனக்கு டெஸ்டே பண்ணல. அப்ப டாக்ஸிசைக்ளின் வேற சாப்ட்டுட்டு இருந்தேன், வெளிச்சம் பட்டா தோல் சீக்கிரம் பொசுங்க வாய்ப்பிருக்கற மாத்திரை அது. எழுதிக் குடுத்ததே உங்க டாக்டர்தான், மெஷின் வெச்சவங்க அத ஒரு வார்த்தை கேக்கல.

கஸ்டமர் கேர்ல "நார்மல் மேடம், ரெண்டு வாரத்துல சரியாயிடும்"னாங்க. எட்டு வாரம் ஆச்சு. இப்ப கருப்பு போக தனி பேக்கேஜாம், பத்து பர்சன்ட் தள்ளுபடியாம். புண்ணையும் குடுத்துட்டு மருந்துக்கும் காசா?

மீதி அஞ்சு சிட்டிங் பணம் 20,000 ரூபா திருப்பிக் குடுங்க. அத விட முக்கியமா ஆசிட் எத்தன பர்சன்ட், எத்தன நிமிஷம் விட்டாங்க, மெஷின்ல என்ன ஃபில்டர், பவர் எத்தன ஜூல் வெச்சாங்கன்னு அன்னிக்கு ரெக்கார்டோட காப்பி வேணும், அடுத்து பாக்கற டாக்டர் மொதல்ல கேக்கறது அதத்தான். 15 நாள்ல வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டுட்டு மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன்.

பதில எழுத்துல அனுப்புங்க. போன் வேணாம், கூழ் மெஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது.