ஸ்லீவுக்குத் தேதி குறிக்கும் முன்

தம்பி,

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் சேர்ந்தே கேட்டோம். எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாய், அடுத்த மாதம், இரைப்பையைக் குறுக்குகிற ஸ்லீவ் என்று முடிவாகிவிட்டது என்கிறாய். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 170 சென்டிமீட்டர் உயரத்துக்கு 118 கிலோ, பிஎம்ஐ 40-ஐத் தாண்டிவிட்டது, 36 வயதில் சுகருக்கு மூன்று மாத்திரை, குறட்டைக்கு மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் தூக்கம். பேலியோ இருந்து பார்த்தாய், ஜிம்முக்குப் பணம் கட்டினாய், ஊசியும் போட்டாய், செலவு தாங்காமல் அதை நிறுத்தியதும் எடை திரும்ப வந்ததையும் பார்த்தோம். நாக்கைக் கட்டத் தெரியாதவன் என்று சொந்தக்காரர்கள் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. இவ்வளவு எடை ஏறிய உடம்பு, குறைக்கக் குறைக்கப் பசியைக் கூட்டிப் பழைய எடைக்கே இழுக்கும். அதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தம் இல்லை.

எனக்குச் சொல்ல இருப்பது எந்த ஆபரேஷன் என்பதைப் பற்றித்தான். ஏன் ஸ்லீவ் என்று கேட்டதற்கு நீ சொன்னவை: ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் செய்துகொண்டு நன்றாகக் குறைந்துவிட்டார், சீக்கிரம் முடிந்துவிடும், குடலில் கை வைக்க மாட்டார்கள், செலவும் கொஞ்சம் குறைவு. எல்லாம் உண்மைதான் தம்பி. ஆனால் இதில் ஒன்றுகூட உன் உடம்பைப் பார்த்துச் சொன்ன காரணம் இல்லையே.

அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் காலம் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான், எனக்கு ஒருவருடைய மாத்திரை டப்பாவைப் பார்த்தால்தான் யோசனையே ஓடும். உன் டப்பாவில் முதலில் இருப்பது பான்டோபிரசோல், வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. எத்தனை வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறாய்? ஒரு நாள் விட்டால் நெஞ்செரிச்சல், ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது, இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறாய் என்று கவிதாவே சொன்னாள். இந்த ஒரு விஷயத்தை அந்த டாக்டரிடம் சொன்னாயா? வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற எண்டோஸ்கோபி எடுத்தார்களா? நீ அனுப்பிய பேப்பர்களில் அது இல்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடுவதால்தான் பசி அடங்குகிறது, அது நல்லதுதான். ஆனால் அந்தக் குறுகிய குழாயின் கீழ் வாசல் இறுக்கமாக அப்படியே இருக்கும், உள்ளே அழுத்தம் கூடும், கூடினால் அமிலம் மேலேதான் வரும். ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு இது மோசமாகலாம், இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வரலாம். பின்லாந்தில் 240 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஸ்லீவ், மறு பாதிக்கு பைபாஸ் (இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்துச் சாப்பாட்டைக் குடலுக்கு அனுப்புகிற இன்னொரு ஆபரேஷன், கீழே விளக்குகிறேன்) செய்து பத்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2022-இல் வெளியான அந்த முடிவில், எண்டோஸ்கோபி செய்து பார்த்தவர்களில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது ஸ்லீவ் பக்கம் 31 சதவீதம், பைபாஸ் பக்கம் 7 சதவீதம். எடை குறைந்ததில் பைபாஸ் கொஞ்சம் முன்னால் இருந்தது, ஆனால் அந்த வித்தியாசம் பெரிதில்லை. எனக்கு உறுத்துவது இந்த 31-தான், ஏனென்றால் நீ ஏற்கெனவே அந்த வரிசையில் நிற்கிறவன்.

ஒத்துவராவிட்டால் பின்னால் பைபாஸாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னதாகச் சொன்னாய். மாற்றலாம்தான். ஆனால் வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வராது. இரண்டாவது தடவை வயிற்றைத் திறப்பது முதல் தடவையை விடச் சிக்கல், அதற்கு இன்சூரன்ஸ் என்ன சொல்லும் என்பதும் தெரியாது. தெரிந்தே இரண்டு ஆபரேஷனுக்கு ஏன் போக வேண்டும்?

பைபாஸ் என்றதும் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், இதயத்தில் என்று நினைத்துவிட்டாள், விளக்கிச் சொன்னேன். மேல் பக்கம் ஒரு சின்னப் பையை மட்டும், முப்பது மில்லி பிடிக்கிற அளவுக்கு, தனியாகப் பிரித்து அதில் சிறுகுடலைக் கொண்டுவந்து இணைத்துவிடுவார்கள். மிச்ச இரைப்பையும் குடலின் ஆரம்பப் பகுதியும் உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு அந்த வழியாகப் போகாது, அவ்வளவுதான். இது நேற்று வந்த வித்தை இல்லை. அல்சருக்காக இரைப்பையைப் பாதி எடுத்தவர்கள் எடை கூடாமல் இருப்பதைக் கவனித்து, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்பவர் 1966-இல் ஆரம்பித்தது. இப்போது செய்யும் முறை அதிலிருந்து நிறைய மாறிவிட்டது, ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேல் கண்காணிப்பு இருக்கிறது. ஸ்லீவோ, மிகப் பெரிய எடைக்காரர்களுக்கு இரண்டு கட்டமாகச் செய்த ஒரு ஆபரேஷனின் முதல் கட்டம், அதிலேயே எடை குறைகிறதே என்று பிறகு தனியாகச் செய்ய ஆரம்பித்தார்கள்.

அடுத்து உன் சுகர் மாத்திரைகள். பைபாஸ் செய்தவர்களுக்கு எடை குறைவதற்கு முன்பே, ஒரு சில நாட்களிலேயே, சுகர் இறங்க ஆரம்பிக்கும். சாப்பாடு நேராகக் குடலின் கீழ்ப் பகுதிக்குப் போய்ச் சேருவதால் அங்கே சில ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன, நீ போட்ட ஊசி எந்த ஹார்மோனைப் பார்த்துச் செய்ததோ அதுவும் அதில் ஒன்று. நார்வேயில் சுகர் உள்ள 109 பேரிடம் செய்த ஆய்வு 2019-இல் வந்தது, ஒரு வருடம் கழித்து மாத்திரை எதுவும் இல்லாமலே சுகர் சரியாக இருந்தவர்கள் பைபாஸில் 74 சதவீதம், ஸ்லீவில் 47 சதவீதம். ஆனால் பின்லாந்து ஆய்வில் பத்து வருட முடிவில் சுகர் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் சுகரை மட்டும் வைத்து முடிவு எடு என்று சொல்ல மாட்டேன். உனக்குச் சுகர் வந்து கொஞ்ச வருடம்தான் ஆகிறது, இன்சுலின் வரைக்கும் போகவில்லை. எந்த ஆபரேஷன் ஆனாலும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பலன் கூடுதல்.

சரி, பைபாஸுக்கு எதிரான விஷயமும் உன் டப்பாவிலேயே இருக்கிறது. முட்டி வலிக்கு நீ போடுகிற அசிகுளோஃபினாக். பைபாஸ் செய்த பிறகு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன், அசிகுளோஃபினாக் இந்த ரக வலி மாத்திரை எதையும் தொடக்கூடாது. பையும் குடலும் இணைகிற இடத்தில் புண் வரும், ரத்தம் கசியும், ஓட்டைகூட விழலாம். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும், நல்லவேளை உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடையில் கேட்டதும் ஸ்ட்ரிப்போடு எடுத்துக் கொடுக்கிற ஊரில் இருக்கிறோம், தலைவலிக்கு, பல் வலிக்கு, காய்ச்சலுக்கு என்று கிளினிக்கில் கலந்து கட்டிக் கொடுக்கிற பொட்டலத்திலும் இது இருக்கும். வாழ்நாள் முழுக்க "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது, இது தரக்கூடாது" என்று நீயே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பாராசிட்டமால் போடலாம். எடை குறையக் குறைய முட்டி வலியும் தானாகக் குறையும், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த மாத்திரை இல்லாமல் உன்னால் இருக்க முடியுமா என்பதை இப்போதே எலும்பு டாக்டரிடம் பேசிவிடு. முடியவே முடியாது என்றால் என் யோசனையே மாறும்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் மினி பைபாஸ் என்று சொன்னார்களே, இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு. எடை நன்றாகக் குறையும், நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள். ஆனால் பித்தநீர் மேலே ஏற வாய்ப்பு உண்டு, பிரான்சில் செய்த ஒப்பீட்டில் வயிற்றுப்போக்கும் சத்துக் குறைபாடும் சாதாரண பைபாஸை விட அதில் அதிகம். உன் நெஞ்செரிச்சலுக்கு அதையும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். இரைப்பைக்குள் வைக்கிற பலூன், இரைப்பையைச் சுற்றிப் போடுகிற பேண்ட் இரண்டையும் விட்டுவிடு. பலூனை ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், பேண்ட் போட்ட பலர் அதை எடுக்க மறுபடி ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார்கள்.

பைபாஸுக்குப் பிறகு சந்திரகலா மாதிரி இனிப்பு ஒன்று முழுசாகச் சாப்பிட்டால் வியர்த்துக் கொட்டும், படபடக்கும், பேதியாகும், படுக்கத்தான் வேண்டியிருக்கும். எல்லோருக்கும் வருவதில்லை, நிறையப் பேருக்கு வரும். தஞ்சாவூருக்கு வந்தால் முதலில் எந்தக் கடைக்கு நீ போவாய் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் இதையும் எழுதுகிறேன். ஸ்லீவில் இனிப்பு அவ்வளவாகத் தடுக்காது.

இன்னொன்று நீ கட்டாயம் மனசில் வைக்க வேண்டியது. பைபாஸ் செய்தவனுக்கு மாத்திரை டப்பா காலியாகாது, மாறும். மல்டிவைட்டமின், இரும்பு, வைட்டமின் டி, கால்சியம், பி12, ஆயுசு முழுக்க. ஸ்லீவிலும் இவை வேண்டும், பைபாஸில் ஒரு மாதம்கூட ஏமாற்ற முடியாது. நீ முட்டையோடு நிறுத்திக்கொள்கிறவன், பி12 இப்போதே குறைவாகத்தான் இருக்கும், போதாததற்கு மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் அதைக் குறைக்கும். ஆபரேஷனுக்கு முன்பே ரத்தத்தில் அளவு பார். கால்சியம் வாங்கும்போது சிட்ரேட் என்று கேட்டு வாங்கு, கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், உனக்கு அது இருக்காது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி. மெதுவாகக் கரைகிற ரக மெட்ஃபார்மினைச் சாதாரண ரகத்துக்கு மாற்றச் சொல், கிளிமிபிரைட்டைத் தொடர வேண்டுமா என்று கேள், தொடர்ந்தால் சுகர் தாழ்ந்து மயங்கிவிடுவாய். முக்கியமாக உன் மூன்றாவது சுகர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின். ஆபரேஷனுக்கு மூன்று நாளாவது முன்பு அது நிற்க வேண்டும், கல்லீரல் சுருங்குவதற்காக முன்கூட்டியே திரவ உணவில் வைப்பார்கள், அது ஆரம்பிக்கும்போதே நிறுத்தலாமா என்று கேள். சாப்பாடு இல்லாமல் அதைப் போட்டால் சுகர் நார்மலாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும், இது எல்லோர் கவனத்துக்கும் வராத விஷயம்.

கவிதாவையும் இதைப் படிக்கச் சொல். வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி நிற்காமல் இருந்தால், சும்மா குளுகோஸ் ஏற்ற விடாதீர்கள், முதலில் பி1, அதாவது தயமின் போடச் சொல்லுங்கள். பி1 தீர்ந்துபோன உடம்பில் குளுகோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கும். முதல் சில நாளில் நாடித் துடிப்பு 120-க்கு மேல் போய், காய்ச்சலோ தோள்பட்டை வலியோ இருந்தால், தையல் கசிகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. பைபாஸில் வருடக்கணக்கு கழித்துக்கூடக் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளலாம், திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால் கேஸ் என்று சோடா குடிக்காமல் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவின் பயத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். 2024-இல் சென்னையில் இதே மாதிரி ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்த செய்தியை அவள் மறக்கவே இல்லை. பெரிய மையங்களின் கணக்கில் இறப்பு ஆயிரத்தில் ஒன்றை ஒட்டித்தான் வருகிறது, பித்தப்பை ஆபரேஷனுக்கு நிகராகச் சொல்கிறார்கள். ஆனால் அது எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொருந்துகிற கணக்கு இல்லை. அதனால் விளம்பரத்தில் சொல்கிற தொகையைப் பார்க்காதே. அந்த டாக்டர் தன் கையால் எத்தனை பைபாஸ் செய்திருக்கிறார், முழு வசதியுள்ள ஐசியு அதே கட்டடத்தில் இருக்கிறதா, நடுராத்திரியில் சிக்கல் வந்தால் யார் வருவார், இதை நேரில் உட்கார்ந்து கேள். கோபப்படுகிற டாக்டர் என்றால் எழுந்து வந்துவிடு. ஸ்லீவ் மட்டுமே செய்கிறவர் ஸ்லீவைத்தான் சொல்வார், அதனால் இரண்டையும் அடிக்கடி செய்கிற ஒருவரிடம் ஒரு தடவையாவது காட்டு. உன் குறட்டை மிஷினை அட்மிஷன் அன்றைக்கே எடுத்துப் போ.

பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டு ஸ்லீவ் என்றாயானால், வித்தியாசத் தொகையை நான் தருகிறேன். இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக பிஎம்ஐ 40, அல்லது கட்டுப்படாத சுகரோ கடுமையான குறட்டை நோயோ இருந்தால் 35 என்று பார்க்கிறார்கள், உன் இப்போதைய எடையை டாக்டரின் லெட்டர்பேடில் எழுதி வாங்கிவை, திரவ உணவில் குறைந்த பிறகு எழுதினால் வாக்குவாதம் வரும். காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்றும் பாலிசியில் பார்.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் சுத்தமாக இருக்கிறது, இரைப்பை நெஞ்சுப் பக்கம் மேலேறுகிற ஹையாட்டஸ் ஹெர்னியா இல்லை, முட்டிக்கு வலி மாத்திரையை விடவே முடியாது என்று வந்தால், ஸ்லீவ் என்கிற உன் முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். புண் இருக்கிறது என்று வந்தால் பைபாஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடம்பு உன்னுடையது, கையெழுத்துப் போடப்போகிறவனும் நீ. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் எண்டோஸ்கோபி ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப்போடு. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, மாத்திரைப் பட்டியலையும் அளவோடு எழுதி அனுப்பு, நான் ஒரு தடவை பார்க்கிறேன். எந்த ஆபரேஷன் ஆனாலும் அம்மாவும் நானும் ஒரு மாதம் அங்கே வந்து இருக்கப் போகிறோம், கவிதாவிடம் சொல்லிவிடு.

அப்பா