ஒரு பாத்தி மிச்சம்

அன்புள்ள தம்பி,

நேற்று அலொட்மென்ற் தோட்டத்தில், அதுதான் நான் வாடகைக்கு எடுத்த துண்டில், வெங்காயம் நட்டு முடித்தேன். முடித்தேன் என்றால், ஒரு பாத்தி மிச்சம். அதைப் பிறகு சொல்கிறேன். அபர்டீனில் குளிர் தொடங்கியிருக்குமே, இரவில் சோறு சாப்பிடுகிறாயா? பாணைக் கடித்துவிட்டுப் படுக்காதே.

இந்த முறை ரேடார் இனத்தில் 100 விதை வெங்காயம். போன தடவை வெங்காயம் நின்ற இடத்தில் போடவில்லை. பக்கத்துத் துண்டுக்காரருக்கு வெள்ளை அழுகல் வந்துவிட்டது. அது மண்ணில் ஏறினால் பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் போகாது. 10 சென்ரிமீற்றருக்கு ஒன்று, நுனி மட்டும் வெளியே. காய்ந்த வால் நீட்டிக்கொண்டு நின்றால் புறா கொத்தி இழுத்துப் போட்டுவிடும். அம்மா நகவெட்டியோடு வந்து ஒவ்வொன்றுக்கும் வால் நறுக்கித் தந்தார்.

தை, மாசியில் பார்த்தால் செத்தது போலத்தான் கிடக்கும். உறைந்த மண் சிலதை மேலே தள்ளிவிடும், திரும்ப அமத்திவிட வேண்டும். மாசிக் கடைசியில் கொஞ்சம் உரம், ஆனியில் கிண்டலாம். கனகாலம் வைத்திருக்க முடியாத வெங்காயம், ஆனால் கடை வெங்காயம் விலை ஏறி நிற்கும் நேரத்தில் கைக்கு வரும்.

நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கினவன். அந்தக் கிண்ணத்தை அம்மா இன்றைக்கும் துடைக்கிறார். மூன்று மாதமாக உன்னிடமிருந்து வருவதோ ‘நான் ஓகே அப்பா’ என்ற ஒரே வரி.

ஆவணியிலிருந்து உன் பெயருக்குக் கடிதங்கள் எங்கள் முகவரிக்கு வருகின்றன. வங்கி, கார் இன்சூரன்ஸ். ஒன்றையும் உடைக்கவில்லை. அம்மா திறக்காத லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். மருமகள் எப்படி என்று அம்மா கேட்டால் நல்ல சுகம் என்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. சோறு சாப்பிடு.

அப்பப்பா இருந்தால் என் 100 வெங்காயத்தைப் பார்த்துச் சிரிப்பார். இலங்கையில் சிறிமாவோ பிரதமராக இருந்த காலத்தில் வெளிநாட்டு வெங்காயத்தை மறித்தபோது எங்கள் ஊர்ச் செம்மண்ணில் நட்டுத்தான் கல்வீடு கட்டினார். 1977க்குப் பிறகு இறக்குமதி வந்து விலை விழ, இருந்த தோட்டக் காணியை ஈடு வைத்து என்னை இங்கே அனுப்பினார். அதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. 1986இல் பெற்றோல் ஸ்டேசனில் எனக்கு வேலை போனது. எட்டு மாதம் வீட்டுக்குக் கடிதம் போடவில்லை. வெட்கம். அவர் காலையில் தண்ணீர் இறைத்துவிட்டு, காலில் சேற்றோடு தபாற்கந்தோருக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவாராம். மாமி சொல்லித்தான் பிறகு அறிந்தேன். வேலை கிடைத்ததும், ‘ஓவர்டைம், எழுத நேரமில்லை’ என்று பொய் எழுதினேன். நம்பின மாதிரிப் பதில் போட்டார். அவர் சாகும் வரைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

சரி, மிச்சப் பாத்தி. 25 விதை வெங்காயம் கொட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். கார்த்திகை நடுப்பகுதி வரை நடலாம். கேற்றுக்குப் பூட்டு மாற்றிவிட்டார்கள், உனக்கும் ஒரு திறப்பு எடுத்திருக்கிறேன். தனியாக வந்தாலும் சரி. ஞாயிறுகளில் எட்டு மணிக்கே நான் அங்கே நிற்பேன். காதுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வா.

அப்பா