நம்ம நலச்சங்கம் 2025 ஆண்டறிக்கை (செயலாளர் வாசிச்சது)

தலைவர் அய்யா, துணைத்தலைவர் அக்கா, பொருளாளர் அண்ணன், இந்தக் கொடைக்கானல் குளிர்லயும் ஸ்வெட்டர் குல்லாவோட வந்து உக்காந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல வாசிச்சதையே இங்க டைப் பண்ணி போடுறேன், வராதவங்களும் படிக்கணும். இந்த வருஷமும் வந்தவங்களை விட வராதவங்க தான் அதிகம், அதைப் பத்தி கீழ எழுதியிருக்கேன்.

வழக்கமான விஷயங்களை முதல்ல முடிச்சிடுறேன். பொங்கலுக்கு கோலப்போட்டி நடந்துச்சு, உறைபனி இருந்ததால காலையில வச்சதை வெயில் வந்தப்புறம்னு மாத்தினோம். குடியரசு தினம், சுதந்திர தினம் கொடியேத்தி மிட்டாய் குடுத்தோம். கண் பரிசோதனை முகாம் ஒண்ணு நடத்தினோம். பெரிய மாரியம்மன் திருவிழா, ஆகஸ்ட்ல சலேத் மாதா திருவிழா ரெண்டுக்கும் சங்கம் சார்பா சுக்குக்காபி. மழைக்கு முன்னாடி ஓடையைத் தூர் வாரினோம். கிறிஸ்துமஸ் கேக் வழக்கம்போல. கூட்டத்துல தண்ணி பாட்டில் கிடையாது, எவர்சில்வர் டம்ளர் தான். அஞ்சு லிட்டருக்கு குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நம்ம ஊர்ல தடை, டூரிஸ்ட்டு பாட்டில் வச்சிருந்தா 20 ரூபா பசுமை வரி வாங்குறாங்க, அப்புறம் நாமளே பாட்டில் அடுக்கி வச்சா நல்லாவா இருக்கும்.

மலை ஏறி வர்ற வெளியூர் வண்டிங்க எடுக்க வேண்டிய இ-பாஸ் விஷயம் கொஞ்சம் வேலை வாங்குச்சு. 2024 மே 7-லருந்து இருக்கிறது தான், ஆனா இந்த வருஷம் ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் வாரநாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000 வண்டின்னு ஐகோர்ட் கணக்கு வச்சதும் தான் நிறைய பேருக்கு உறைச்சுது. உள்ளூர் வண்டிக்கு பதிவு பண்ணத் தெரியாதவங்களுக்கு நம்ம பசங்க ரெண்டு பேர் டீக்கடையில உக்காந்து போன்லயே பண்ணிக் குடுத்தாங்க, அவங்களுக்கு நன்றி. மே மாசம் கல்யாணம் வச்ச வீட்டுக்காரங்க தான் பாவம், கீழ இருந்து வர்ற சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு பாஸ் எடுத்தாச்சா பாஸ் எடுத்தாச்சான்னு கேட்டே ஓய்ஞ்சு போனாங்க.

இப்ப பலகை விஷயத்துக்கு வர்றேன்.

பஸ் ஸ்டாப் பக்கத்துல நிக்கிற வாராந்திர அறிவிப்புப் பலகை எதுக்கு வந்துச்சுன்னு மறந்துட்டவங்களுக்காக சொல்றேன். மேல்தெருவுல ஒரு பெரியவர் தவறிப்போன சேதி, பத்து நிமிஷ நடையில இருக்கிற கீழ்தெருவுக்கு அடக்கம் முடிஞ்சப்புறம் தான் தெரிஞ்சுது. அவர்கிட்ட முப்பது வருஷம் பழகினவங்க கடைசியா முகம் பாக்க முடியாம நின்னாங்க. முன்னாடி துக்கத்துக்கு ஆள் விட்டு வீடு வீடா சொல்லுவாங்க, இப்ப அந்த ஆளும் இல்ல, வீடுங்களும் சரிவு முழுக்க மேலயும் கீழயுமா பரந்து கிடக்கு. அந்த வாரமே தீர்மானம் போட்டு ஆரம்பிச்சது தான் இந்தப் பலகை. என் சொந்த ஆசைக்கு வச்சதுன்னு பேசுறவங்க தீர்மான நோட்டை எடுத்துப் பாக்கலாம், கையெழுத்து போட்டவங்கள்ல அவங்களும் இருக்காங்க.

சனிக்கிழமை சாயங்காலம் எழுதுறோம். ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போகும்போது எல்லாரும் அந்த வழியா தான் போகணும், வில்பட்டி, பள்ளங்கி பக்கம் இருந்து வர்றவங்களும் அங்க தான் இறங்குறாங்க. குழாய்த்தண்ணி எந்தத் தெருவுக்கு எந்த நாள், கரண்ட் எந்த நாள் நிறுத்துவாங்க, வீட்டு விசேஷம், துக்கம், காணாம போனது கிடைச்சது, காட்டுமாடு எந்தப் பக்கம் நடமாடுது, ரோடு நிலவரம், இவ்வளவு தான் அதுல இருக்கும். கோடை பண்பலை ஊரெல்லாம் கேக்குது, நல்ல விஷயம், ஆனா நம்ம கீழ்தெருவுக்கு செவ்வாய்க்கிழமை தண்ணி உண்டா இல்லையான்னு ரேடியோவுல சொல்ல மாட்டாங்க.

எழுதுறது சும்மா இல்லீங்க. முதல்ல பிளைவுட் போட்டோம், ஒரே மழையில உப்பி பிரிஞ்சு போச்சு. அப்புறம் சிமெண்ட் ஷீட்ல கருப்பு பெயிண்ட் அடிச்சு இரும்பு பைப்புல நிறுத்தினோம், மேல தகரத்துல சின்னதா ஒரு சாய்ப்பு. அப்பவும் சாக்பீஸ் நிக்கல. மழையே வேண்டாம், மஞ்சு இறங்கினாப் போதும், பலகை வேர்த்து எழுத்தெல்லாம் கோடு கோடா வழிஞ்சிடும், காலையில பாத்தா "செவ்வாய்" இருக்கும் தண்ணி இருக்காது. ரிடையர்டு டீச்சரம்மா ஒருத்தங்க தான் சாக்பீஸை சீனித்தண்ணியில ஊற வச்சு ஈரத்தோட எழுதச் சொன்னாங்க. எழுதும்போது மங்கலா தெரியும், காஞ்சதும் பளிச்சுனு வரும், லேசா கை பட்டாலும் போகாது. அடுத்த வாரம் அழிக்கிறதுக்கு ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்க்கணும், அதுக்கே தனியா நேரம் ஆகுது. அந்தம்மாவுக்கு இந்தக் கூட்டத்துல சால்வை போட்டது பொருத்தம்.

காட்டுமாடு பத்தி எழுதினதுல கண்ணுக்கு முன்னாடி பலன் இருந்துச்சு. பிள்ளைங்க ஸ்கூலுக்கு போற குறுக்கு வழியில காலையில மாடு நிக்குது, பெரியவங்க கூட போங்க, பக்கத்துல போய் போட்டோ எடுக்காதீங்க, ஹாரன் அடிக்காதீங்கன்னு தொடர்ந்து எழுதினோம். அதோட, வளைவுல காய்கறிக் கழிவைக் கொட்டுறது தான் மாட்டை இழுக்குது, யாரும் கொட்டாதீங்கன்னும் எழுதினோம். பேர் போடல, இடம் மட்டும் போட்டோம். மூணாவது வாரத்துக்குள்ள அந்த வளைவு சுத்தமாயிடுச்சு. எத்தனையோ மனு குடுத்தும் நடக்காதது, நாலு பேர் நின்னு படிக்கிற இடத்துல எழுதினதும் நடந்துச்சு.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி நடந்ததை கட்டாயம் பதிவு பண்ணணும். சாயங்காலமே கரண்ட் போச்சு, ராத்திரி டவரும் போச்சு, யார் போனும் வேலை செய்யல. விடியக்காலையில வத்தலக்குண்டுக்கு கேரட் ஏத்திட்டு போன வண்டி பெருமாள்மலைக்கு கீழ மரம் விழுந்து கிடக்குன்னு திரும்பி வந்துடுச்சு. பெரியகுளம் பக்கம் இறங்குற அடுக்கம் ரோட்டுலயும் மண் சரிவுன்னு அங்க நின்னவங்க சொல்லியிருக்காங்க. டிரைவர் டீக்கடையில வந்து சொன்னதும், கடைக்கார அண்ணன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு அவரே பலகையில எழுதியிருக்கார்: "வத்தலக்குண்டு ரோடு மரம். அடுக்கம் போகாது. பழனி ரோடு திறந்திருக்கு." முதல் பஸ்ஸுக்கு வந்தவங்க எல்லாரும் அதைப் படிச்சாங்க. தேனிக்கு டயாலிசிஸ் போற நம்ம உறுப்பினர் ஒருத்தர் அன்னைக்கு போயே ஆகணும், பஸ்ஸை நம்பி மழையில நின்னுட்டு இருந்திருப்பார். பலகையைப் பாத்த ஜீப் டிரைவர் தம்பி அவரை ஏத்திக்கிட்டு பழனி வழியா இறங்கி சுத்திக் கொண்டுபோய் சேர்த்துட்டார். டீசலுக்கு மட்டும் காசு வாங்கினார். அந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் சங்கத்தோட மனமார்ந்த நன்றி.

வாட்ஸப் குரூப் இருக்கே பலகை எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு இது தான் பதில். குரூப்ல காலையில நாப்பது குட்மார்னிங் பூ வந்து விழுது, அதுக்கடியில ஒரு துக்கச் சேதி புதைஞ்சு போனதை நாம எல்லாரும் பாத்தோம். பட்டன் போன் வச்சிருக்கிற பெரியவங்க இருக்காங்க, போனே இல்லாத தோட்ட வேலைக்காரங்க இருக்காங்க. அவங்களும் இந்த ஊர் தானே.

சந்தை விலை எழுதினதை நிறுத்தினது பத்தியும் கேக்குறாங்க. நம்ம மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஆனா வெளியூர் பூண்டையும் மலைப்பூண்டுன்னு சொல்லி டூரிஸ்ட்டு தலையில கட்டுறது நடக்குது. அதனால பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து விவசாயிங்க அந்த வாரம் என்ன விலைக்கு போட்டாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதினேன். ரெண்டு மூணு வியாபாரிங்களுக்கு கோவம், ஒருத்தர் வந்து பலகையை அழிச்சிட்டே போயிட்டார், சங்கத்துல அவருக்கு வேண்டியவங்களும் இருக்காங்க. செயற்குழுவுல பெரும்பான்மை நிறுத்தச் சொல்லுச்சு, நிறுத்தினேன். ஆனா அது தப்பான முடிவுன்னு தான் இப்பவும் சொல்றேன். பாடுபட்டு விளைவிச்சவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு ஊருக்குத் தெரியறதுல யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்து மனசுல இருக்கிறதை சொல்லிடுறேன். நாலு தெருவும் முறை வச்சு வாரம் ஒரு தெரு எழுதணும்னு தான் ஏற்பாடு. முதல் மாசம் நடந்துச்சு. அப்புறம் ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு மேரேஜ் சீசன், ஹோம்ஸ்டேல கெஸ்ட், இப்படியே எல்லாம் என் தலையில வந்து விழுந்துச்சு, டீச்சரம்மா மட்டும் விடாம கூட நின்னாங்க. சேதி குடுங்கன்னு வெள்ளிக்கிழமையே கேட்டா ஒருத்தரும் குடுக்கிறதில்ல, ஞாயித்துக்கிழமை காலையில "எங்க வீட்டு காதுகுத்தை ஏன் போடல, நாங்க என்ன வேத்தாளா"ன்னு போன் வருது. தண்ணி விடுற நாள் தெரிஞ்சுக்க சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு வாராவாரம் நடக்கணும், போன்ல கேட்டா அங்க ஒருத்தரும் சொல்றதில்ல. அந்த ஆபீஸ் வழியா தினமும் வேலைக்குப் போற உறுப்பினர்கள் நமக்கு எத்தனை பேர் இருக்காங்க, ஒரு வாரம் கேட்டு வந்து சொல்லக் கூடாதா?

செயற்குழுக் கூட்டமும் அதே கதை தான். கோரம், அதாவது தேவையான ஆள் கணக்கு, இல்லாம தள்ளி வச்ச கூட்டம் தான் ஜாஸ்தி. வராதவங்க தான் அப்புறம் எங்களைக் கேக்காம எப்படி முடிவெடுத்தீங்கன்னு கேக்குறாங்க.

சந்தா வருஷத்துக்கு முன்னூறு ரூபா, மாசக் கணக்குல இருபத்தஞ்சு தான் வருது. பாதிப்பேருக்கு மேல இன்னும் பாக்கி, சிலருக்கு ரெண்டு வருஷப் பாக்கி. ஒண்ணு சொல்றேன், சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வீட்டைத் திறக்கிறவங்க கேட்ட அன்னைக்கே ஜிபே பண்ணிடுறாங்க. தினம் அந்தப் பலகையைப் படிச்சிட்டு தண்ணி பிடிக்கிறவங்க கிட்ட தான் நிக்குது. சங்கத்தோட லெட்டர்பேடுல பரிந்துரைக் கடிதம் வேணும்னா மட்டும் வீடு தேடி வர்றீங்க. வாங்க, குடுப்போம், ஆனா அன்னைக்காவது சந்தாவைக் கட்டிட்டு போங்க. பேர் வாசிக்கச் சொல்லி ஒருத்தர் எழுந்து கேட்டார், நான் வாசிக்கல, அக்கம்பக்கம் முகம் பாத்து வாழுற ஊர் இது.

வரவு செலவை பொருளாளர் விரிவா வாசிச்சார். சுருக்கமா சொன்னா வரவு சந்தா, கொஞ்சம் நன்கொடை, நாற்காலி பாத்திரம் வாடகை. செலவு விழா, ஓடைக் கூலி, பலகை, சில்லறை. கையிருப்பு இருக்கு, போன வருஷத்தை விட குறைவு. பில் இருக்கிறதுக்கு பில், கூலிக்கு வவுச்சர், ரெண்டும் ஃபைல்ல இருக்கு. பலகைக்கு ரொம்ப செலவழிச்சிட்டாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. பைப், ஷீட், ஆள்கூலி மட்டும் தான் சங்கப் பணம். வெல்டிங் நம்ம உறுப்பினர் இலவசமா பண்ணிக் குடுத்தார், தகரம் ஒரு வீட்டுல மீந்தது, சாக்பீஸும் பெயிண்டும் என் செலவு, அதை நான் கேக்கவும் இல்ல. சந்தேகம் இருக்கிறவங்க ஃபைலை வாங்கிப் பாருங்க, தெருமுனையில நின்னு பேச வேண்டாம்.

முகாமுக்கு இடம் குடுத்தவங்க, ஓடை வேலைக்கு மம்பட்டியோட வந்தவங்க, சுக்குக்காபி போட்ட மகளிர் குழு, மைக் செட் அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் கீழ்தெரு முக்குல ரெண்டாவது பலகை வைக்கணும்னு அந்தத் தெரு பெண்கள் எழுதிக் குடுத்திருக்காங்க. பள்ளத்து வீட்டுல இருக்கிற வயசானவங்க பஸ் ஸ்டாப் வரைக்கும் ஏறி வர முடியலைங்கிறாங்க, நியாயமான கோரிக்கை, நான் ஆதரிக்கிறேன். ஆனா இருக்கிற ஒண்ணுக்கே ஆள் இல்லாதப்ப இன்னொண்ணை நட்டு என்ன பண்றது? நீங்களே இன்னொரு வருஷம் செயலாளரா இருங்கன்னு தலைவர் அய்யா சொல்றார். அவர் சொல்லைத் தட்டுறவன் இல்ல நான். தெருவுக்கு ஒருத்தர், மொத்தம் நாலு பேர் எழுதுறதுக்கு பேர் குடுங்க, சந்தா பாக்கி பாதியாவது வரட்டும், நான் இருக்கேன். இல்லன்னா சாவியும் ஃபைலும் பொருளாளர்கிட்ட குடுத்துடுறேன், வேற நல்லவங்க யாராவது எடுத்து நடத்தட்டும், அவங்களுக்கு சீனித்தண்ணி அளவுலருந்து எல்லாம் சொல்லித் தர்றேன்.

பேர் குடுக்கிறவங்க வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு பலகைக்கு வந்துடுங்க. பூம்பாறை குழந்தை வேலப்பர் தேர் வருது, பஸ் நேரம், தண்ணி நாள் ரெண்டும் எழுதணும். வரும்போது பழைய துணி ஒண்ணு கொண்டு வாங்க, முதல்ல பலகையை அழிக்கணும். சந்தா கட்டுறவங்களுக்கு ரசீது புக் டீக்கடையில இருக்கு, ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் பொருளாளர் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்